சிக்னலில் ஏறும் முள்

மூன்று வருடமாக ஜெயபால் யார் மீதும் கை வைக்கவில்லை. கள்ளிக்குப்பத்தில் அவனை அறிந்தவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை. வாடகைக் கார் ஓட்டுபவன். உரசிக்கொண்டு போனவனை இறங்கிப் போய் அறைந்தவன். சோறு குழைந்ததற்காக மனைவி ரெனிதாவின் மணிக்கட்டை முறித்தவன்.

கட்டுப் போட்ட கையோடு அவள் ஒன்றுதான் சொன்னாள். "இன்னொரு தபா யார் மேல கை வெச்சாலும் நா எங்கம்மா ஊட்டுக்குப் போய்டுவேன். அப்பால வரமாட்டேன்."

அந்தப் பெரிய வெள்ளியன்று திருச்சிலுவையை முத்தமிட்டபோது ஜெயபால் தேம்பித் தேம்பி அழுது சத்தியம் செய்தான்.

அந்தச் சத்தியம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உடைந்தது.

ரெனிதாவின் தம்பி பெனிட்டோ, பூந்தமல்லியில் நண்பன் கல்யாணத்துக்கென்று காரை வாங்கிப் போயிருந்தான். திரும்பி வந்து வாசலில் நிறுத்தியபோது பானெட்டிலிருந்து அனல் அடித்தது.

"இன்னாடா பண்ண வண்டிய?"

"ஒண்ணும் பண்ல மாமா. ஓடும்போது நெல்லாத்தான் கீது. சிக்னல்ல நின்னா சூட்டு முள்ளு மேல ஏறுது."

"கல்யாண ஊட்ல மூக்கு முட்டத் தின்னியே, வண்டிக்கு ஒரு சொட்டு தண்ணி ஊத்தினியா?"

"வண்டிக்கும் இலை போட்டு உக்கார வெச்சிருக்கலாம் மாமா, எடம் இல்ல" என்று பெனிட்டோ சிரித்தான்.

அந்தச் சிரிப்புதான் வினையானது. விழுந்த அறையில் பெனிட்டோவின் நெற்றி பானெட் விளிம்பில் மோதிப் புருவம் கிழிந்தது. ஜெயபால் பானெட்டைத் திறந்தான். மச்சானின் வலது கையை இழுத்து, கொதிக்கும் ரேடியேட்டர் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினான்.

"சூடு எப்டி கீதுன்னு நீயே பாரு."

பெனிட்டோ அலறிய அலறலில் ரெனிதா ஓடி வந்தாள். கணவனின் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள். அவன் முழங்கையால் தள்ளியதில் சுவரோரம் போய் விழுந்தாள். எழுந்தபோது பழைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தம்பியை அழைத்துப் போய்க் குழாயைத் திறந்து அவன் கையை நீட்டிப் பிடித்தாள். கொப்புளங்கள் எழும்பியிருந்தன. புருவத்து ரத்தம் அவள் புடவையில் சொட்டியது.

ஜெயபாலுக்கு அவர்கள் பக்கம் திரும்பத் தைரியமில்லை. இஞ்சினைப் பார்த்துக் குனிந்தான். கூலன்ட் டப்பாவில் பச்சைத் தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கவில்லை. ஹோஸ் எங்கும் ஒழுகவில்லை.

வண்டி ஓடினால் காற்று பட்டு ரேடியேட்டர் ஆறும். நின்றால் மின்விசிறிதான் ஆற்ற வேண்டும். பெனிட்டோ அதைத்தானே சொன்னான்?

சாவியை எடுத்துவிட்டு விசிறி இறக்கையை விரலால் தள்ளினான். அசையவில்லை. இடுக்கில் ஒரு ரோஸ் நிறத் துணி மூட்டை செருகிக்கொண்டிருந்தது.

போன வாரம் எலி ஒயரைக் கடிக்காமலிருக்க, ரெனிதாவின் பழைய நைட்டியைக் கிழித்து, புகையிலையை முடிந்து அவனே கட்டிய மூட்டை. அந்தத் தெருவில் கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் கட்டுவதுதான். அவன் போட்ட முடிச்சு அவிழ்ந்து விசிறிக்குள் விழுந்திருந்தது.

குறடால் அதைப் பிடுங்கினான். எரிந்துபோன ஃபியூஸை மாற்றினான். சாவியைத் திருகி ஏசியைப் போட்டதும் விசிறி சுற்றியது.

மூட்டையோடு குழாயடிக்குப் போனான். "நாந்தான் ரெனிதா. நா கட்னதுதான் விசிறில மாட்டிகினு கீது."

அவள் துணியைப் பார்த்தாள். "அவன்தான் அப்பவே சொன்னானே. காதுல வாங்கினியா?"

"வண்டி ரெடியா கீது. ஏறுங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"அந்த வண்டில நா ஏறமாட்டேன்க்கா" என்றான் பெனிட்டோ.

ரெனிதா தெருவில் போன ஆட்டோவை நிறுத்தினாள். உள்ளே போய், பீரோவின் மேல் மூன்று வருடமாகக் கட்டியே வைத்திருந்த பையை எடுத்து வந்தாள். அப்படி ஒரு பை அங்கே இருந்தது ஜெயபாலுக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆட்டோவுக்குப் பின்னாலேயே காரை ஓட்டிப் போனான். அம்பத்தூர் சிக்னலில் நெடுநேரம் நிற்க வேண்டியிருந்தது. ஆட்டோவின் பக்கவாட்டில் அவள் புடவை முந்தானை தெரிந்தது. அவள் திரும்பவேயில்லை. சூட்டு முள் ஏறாமல் நடுவிலேயே நின்றது.