ஷூ கம்பெனிப் பெண்களும் ஒரு பஞ்சுக்குச்சியும்

ஆம்பூரில் அந்த ஷூ கம்பெனிக்கு நாங்கள் போன முதல் வாரம், சாப்பாட்டு இடைவேளையில் என் மேசைக்கு ஒரு பெண்கூட வரவில்லை. நிர்வாகம் அனுமதி கொடுத்திருந்தது. கேன்டீன் ஓரத்தில் திரை கட்டி, மேசை போட்டு, ஒரு மின்விசிறியும் வைத்துக் கொடுத்திருந்தார்கள். பெண்கள் டிபன் பாக்ஸோடு என்னைத் தாண்டிப் போவார்கள்.

"இன்னா மேடம், பிரஷர் பாக்குறீங்களா?" என்று யாராவது சிரித்துக்கொண்டே கேட்பார்கள்.

"பிரஷர் இல்லம்மா. வெள்ளைப்படுறது, அரிப்பு, நீர்க்கடுப்பு, அதப் பத்தி ஒரு ஆராய்ச்சி."

சிரிப்பு அங்கேயே நின்றுவிடும். "அதெல்லாம் எங்களுக்கு இல்ல மேடம்" என்று வேகமாக நடந்துவிடுவார்கள்.

வேலூரில் ஒரு மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவில் நான் செவிலியர். தினமும் காட்பாடியில் ரயில் ஏறி ஆம்பூரில் இறங்குவேன். வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பிறப்புறுப்பில் வரும் தொற்றுகளைப் பற்றியது எங்கள் ஆய்வு. அவர்களில் கர்ப்பமாக இருப்பவர்களைப் பிரசவம் வரை தொடர்ந்து கவனித்து, தொற்றுக்கும் குறைமாதப் பிரசவத்துக்கும் தொடர்பு உண்டா என்றும் பார்க்க வேண்டும். ஆய்வை நடத்திய டாக்டரம்மா மலையாளி. தமிழ் நன்றாகவே பேசுவார். ஆனால் ஆய்வைப் பற்றி விளக்க எழுதி வைத்திருந்த தமிழ், எனக்கே இரண்டு தடவை படித்தால்தான் புரிந்தது.

"இப்படிச் சொன்னா ஒருத்தரும் வர மாட்டாங்க டாக்டர். அவங்க 'ஒடம்பு சூடு'ம்பாங்க, 'கீழ எரியுது'ம்பாங்க. நாமளும் அப்படியே கேக்கலாம்" என்றேன். அவர் உடனே ஒத்துக்கொண்டார். இன்னொன்றையும் அவரே யோசித்திருந்தார். நாங்கள் படுக்க வைத்துப் பரிசோதிப்பதற்குப் பதிலாக, மாதிரியைப் பெண்கள் தாங்களே எடுத்துக் கொடுக்கலாம். காது குடையும் பட்ஸை விடச் சற்று நீளமான ஒரு பஞ்சுக்குச்சி. கழிவறைக்குள் போய், உள்ளே விட்டு, மெல்லச் சுழற்றி எடுத்து, குழாயில் போட்டு மூடிக் கொடுத்தால் போதும்.

நான் செய்து பார்க்காத ஒன்றை இன்னொரு பெண்ணிடம் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதல் குச்சியில் நானே வீட்டில் மாதிரி எடுத்துப் பார்த்தேன். வலி இல்லை. ஒரு கூச்சம், அவ்வளவுதான். மறுநாள் கேன்டீனில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து காத்திருக்காமல், பெண்கள் சாப்பிடும் மேசைக்கே ஒரு புதுக் குச்சியோடு போய் உட்கார்ந்தேன்.

"இதுதாம்மா. நான் எடுத்துப் பாத்துட்டேன். வலிக்கல."

மேசையின் கடைசியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் கை நீட்டிக் குச்சியை வாங்கினாள். ஷூவின் மேல்பாகத் தோலுக்குப் பசை தடவும் பேஸ்டிங் பிரிவில் வேலை பார்ப்பவள். விரல் நுனிகளில் பசை காய்ந்து உரிந்துகொண்டிருந்தது. துப்பட்டாவுக்கு அடியில் வயிறு லேசாகத் தெரிந்தது.

"இத்துணூண்டா? எங்க பேஸ்டிங் பிரஷ்ஷே இதவிடப் பெருசு மேடம்!"

மேசையே வெடித்துச் சிரித்தது. இரண்டு மூன்று பேர் குச்சியைக் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள். மணி அடித்து எல்லோரும் எழுந்து போன பிறகும் அவள் மட்டும் நின்றாள். சிரிப்பு முகத்தில் இல்லை.

"மேடம், எனக்கு இது மூணாவது" என்றாள். "மொதலாவது அஞ்சாம் மாசம் கலைஞ்சிடுச்சு. ரெண்டாவது ஏழுல பொறந்துச்சு. ஒரு நாளுதான் இருந்துச்சு. ஒடம்பு சூடுன்னாங்க, எளநீ குடின்னாங்க. அவ்ளோதான். இதுல எதாச்சும் தெரியுமா?"

"தெரியலாம்மா. தெரியாமலும் போகலாம்" என்றேன்.

"பரவால்ல. குடுங்க."

ஆம்பூரில் எங்கள் ஆய்வுக்குக் கிடைத்த முதல் மாதிரி அவளுடையதுதான்.

முடிவு வந்தது. அவளுக்கு ஒரு தொற்று இருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணியால் வருவது, உறவின் வழியாகப் பரவுவது. மாத்திரையில் குணமாகிவிடும். ஆனால் கணவனும் சேர்ந்து சாப்பிட்டால்தான் குணம் நிலைக்கும், இல்லையென்றால் திரும்பவும் ஒட்டிக்கொள்ளும். திரைக்குப் பின்னால் உட்கார வைத்துச் சொன்னேன். அவள் வெகு நேரம் தன் விரலில் இருந்த பசையை உரித்துக்கொண்டே இருந்தாள்.

"நான் போய்ச் சொன்னா அவரு வேற மாதிரி நெனச்சிப்பாரு. நீங்களே வந்து சொல்றீங்களா? ஞாயித்துக்கெழம இருப்பாரு."

அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். பாலாற்றுக்குப் போகும் வழியில் ஒரு அறையும் சமையல்கட்டும் கொண்ட வீடு. அவள் கணவன் தோல் கம்பெனியில், பச்சைத் தோலை மருந்துத் தண்ணீரில் போட்டுச் சுற்றும் பெரிய மர டிரம்மில் வேலை பார்ப்பவன். நான் வருகிறேன் என்று அப்போதுதான் குளித்திருந்தான் போல, தலையில் ஈரம் சொட்டியது. நாற்காலியைத் துடைத்துப் போட்டான். தெருமுனைக் கடையிலிருந்து டீ வாங்கி வந்தான். நான் சொல்லச் சொல்ல அவன் முகம் இறுகியது.

"எனக்கு ஒண்ணும் இல்ல மேடம். ஒரு அரிப்பு இல்ல, எரிச்சல் இல்ல. நான் எதுக்கு மாத்திர சாப்பிடணும்?"

"ஆம்பளைங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லாமலே இருக்கும் தம்பி."

"அப்ப இது யாருகிட்டருந்து யாருக்கு வந்துச்சி? அதச் சொல்லுங்க மொதல்ல."

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். ரயிலில் வரும்போது மனசுக்குள் பதிலைச் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தேன். "அத எந்த டெஸ்ட்டும் சொல்லாது. எப்ப வந்துச்சின்னும் சொல்லாது. ஒடம்புல தெரியாமலே ரொம்ப நாளு கெடக்கும். நான் யாருமேலயும் தப்பு சொல்ல வரல தம்பி. வயித்துல இருக்கற கொழந்தைக்காக வந்திருக்கேன்."

அவன் எழுந்து வெளியே போய் வண்டியில் உட்கார்ந்து சாவியைத் திருகினான். நல்லது செய்ய வந்து ஒரு குடும்பத்தைக் கெடுத்துவிட்டோமோ என்று நினைத்தேன். அதற்குள் அவள் எழுந்து வெளியே போனாள். வண்டியை அணைத்து, சாவியை உருவி, கைக்குள் மூடிக்கொண்டாள். அதுவரை அவனை 'வாங்க, போங்க' என்று பேசியவள்.

"ரெண்டு தடவ ஆஸ்பத்திரியிலருந்து வெறுங்கையோட வந்தேன். ரெண்டு தடவயும் என் ஒடம்பத்தான் குத்தம் சொன்னாங்க. நீயும் சும்மா இருந்த. நான் உன்ன ஒரு கேள்வி கேட்டனா? இப்பவும் கேக்கல. நீயும் என்ன கேக்காத. மாத்திரய மட்டும் முழுங்கு."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். எதிர்வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் உள்ளே போய்விட்டாள். அவன் வண்டியின் ஹேண்டில்பாரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இறங்கி உள்ளே வந்து, நாற்காலியில் அல்ல, என் எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"இதச் சாப்பிட்டா கொழந்த நிக்குமா மேடம்?"

ஆமாம் என்று சொல்லிவிட நாக்குத் துடித்தது. "உறுதியா சொல்ல முடியாது தம்பி. வேற காரணமும் இருக்கலாம். ஆனா இது ஒண்ண நம்மால சரி பண்ண முடியும். முடிஞ்சதப் பண்ணிடலாம்."

அவள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். இருவரும் ஒரே சொம்பிலிருந்து குடித்து, டாக்டரம்மா கொடுத்தனுப்பிய மாத்திரையை விழுங்கினார்கள். மறு பரிசோதனை முடியும் வரை தள்ளியே இருக்க வேண்டும் என்றும் சொல்லி வைத்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள்தான் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

மறு பரிசோதனையில் தொற்று இல்லை. அதன் பிறகுதான் அவள் கேன்டீனில் பேச ஆரம்பித்தாள். என்ன பேசினாள் என்று எனக்கு முழுதாகத் தெரியாது. ஆனால் ஒரு நாள் நான் போனபோது திரைக்கு வெளியே பெண்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். தையல் மிஷின்காரர்கள், பேக்கிங் பெண்கள், கட்டிங்கில் இருந்து ஒரு வயசான அம்மா. கர்ப்பமாக இருந்தவர்கள் தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். குச்சியைக் கொடுத்துவிட்டுப் போகும்போது நாங்கள் கேட்காததையும் சொன்னார்கள். கழிவறைக்குப் போக, வரிசையாக உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒரு லைனுக்கே ஒரே ஒரு டோக்கன். அது சூப்பர்வைசரின் மேசையில் கிடக்கும். ஆம்பிளை முன்னால் போய் எடுக்கக் கூசிக்கொண்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீரே குடிக்காதவர்கள் பலர். மாதவிலக்கு நாட்களில் துணியைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருப்பார்கள். இதை டாக்டரம்மாவிடம் சொன்னபோது அவர் பேனாவை வைத்துவிட்டு, "இதையும் கேள்விகளில் சேர்க்க வேண்டும்" என்றார். முறைப்படி அனுமதி வாங்கிச் சேர்த்தோம். எங்கள் ஆய்வில் பாதி, அந்தத் திரைக்குப் பின்னால் அந்தப் பெண்கள் சொல்லிக் கொடுத்ததுதான்.

ஏழாம் மாதம் முழுக்க அவள் என்னைப் போனில் அடிக்கடி கூப்பிட்டாள். வயிறு இழுத்தால் கூப்பிடுவாள், இழுக்காவிட்டாலும் கூப்பிடுவாள். எட்டு தாண்டியது. ஒன்பது தாண்டியது. ஒரு பகலில் நான் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது அவள் கணவன் போன் செய்தான்.

"மேடம், பொண்ணு! நல்லா கத்துது மேடம், கேக்குதா?"

போனுக்குள் குழந்தை அழுவது கேட்டது. எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மா, "இன்னாம்மா, யாருக்கின்னா?" என்று பதறினார். "கொழந்த பொறந்திருக்கும்மா" என்றேன். "உன் தங்கச்சிக்கா?" என்றார். ஆமாம் என்றேன்.

டாக்டரம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "ஒரு குழந்தையை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது, தெரியுமில்லையா?" என்றார் கண்டிப்பாக. சாயங்காலம் அவரே எல்லோருக்கும் மைசூர்பாக் வாங்கி வந்தார்.

ஆய்வு முடிந்ததும், முடிவுகளை மருத்துவப் பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன் அந்தப் பெண்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று டாக்டரம்மா பிடிவாதமாக இருந்தார். ஆம்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்தோம். தமிழில் பேசும் பொறுப்பு எனக்கு. மைக்கில் 'வெள்ளைப்படுதல்' என்று சொன்னபோது என் குரல் கொஞ்சமும் தணியவில்லை. தொற்று இருந்த பலருக்குத் தொந்தரவே தெரியாமல் இருந்தது, சிகிச்சை எடுத்தவர்களில் பெரும்பாலோருக்குச் சரியாகிவிட்டது, குறைமாதத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், இது மட்டுமே காரணமில்லை, தண்ணீர் குடிக்காமல் அடக்கி வைப்பவர்களுக்கு நீர்க்கடுப்பு ஜாஸ்தி. இவ்வளவையும் சொல்லி முடித்தேன். கேள்வி இருக்கிறதா என்று கேட்டேன்.

அவள் எழுந்தாள். இடுப்பில் குழந்தை. என்னைப் பார்க்கவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கம்பெனியில் ஆட்களின் விவகாரங்களைக் கவனிக்கும் பர்சனல் ஆபிசரைப் பார்த்தாள்.

"சார், மேடம் தண்ணி குடிக்கச் சொல்றாங்க. குடிச்சா போவணும். ஒரே ஒரு டோக்கன வச்சிகிட்டு லைன்ல இருக்கற அத்தன பேரும் எப்பிடி சார் போறது?"

அவர், "மேனேஜ்மென்ட்ல பேசுறேம்மா" என்றார்.

"எப்ப சார் பேசுவீங்க?" பின்னால் இருந்து வேறொரு குரல்.

"திங்கக்கெழம" என்றார் அவர். கைதட்டல் எழுந்தது.

ஒரே திங்கட்கிழமையில் எதுவும் நடந்துவிடவில்லை. பெண்கள் திரும்பத் திரும்பப் போய்க் கேட்டார்கள். கடைசியில் டோக்கன் போயிற்று. கழிவறையில் மூடி போட்ட குப்பைத்தொட்டியும், நிற்காமல் தண்ணீர் வரும் குழாயும் வந்தன. அந்த ஒரு கம்பெனியில்தான். மற்ற இடங்களில் இன்னும் டோக்கன் இருக்கிறது.

கட்டுரை வெளிவந்தபோது அதை போனில் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். எழுதியவர்கள் வரிசையில் டாக்டரம்மா என் பெயரையும் போட்டிருந்தார். என் வீட்டில் காட்டுவதற்கு முன்பே இவளிடம் காட்ட வேண்டும் போலிருந்தது.

"எங்க பேரெல்லாம் வருமா மேடம்?"

"வராதும்மா. யாரு பேரையும் வெளிய சொல்லக் கூடாது. அது சட்டம்."

அவள் ப்ளஸ் டூ முடித்தவள். போனை வாங்கி, ஆங்கிலத் தலைப்பை எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள். 'விமன் ஒர்க்கர்ஸ்' என்ற இடம் வந்ததும் நிறுத்தி, அந்த வார்த்தைகளின் மேல் விரலை வைத்தாள்.

"இது நாங்கதான?" என்றாள்.

"நீங்கதான்" என்றேன்.

அவள் அடுத்த வரிக்குப் போனாள். புரியாத வார்த்தைகளுக்கு ஒவ்வொன்றாக அர்த்தம் கேட்டாள். குழந்தை போனைப் பிடுங்கப் பார்க்க, அவள் கணவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். நாங்கள் இருவரும் முதல் பக்கம் முழுவதையும் படித்து முடித்தோம்.