படகை விற்றோம், கயிற்றைக் கொடுக்கவில்லை

நான் இருக்கும் நெல்சன் ஊரில் சூப்பர் மார்க்கெட்டுக்குள் வெறுங்காலோடு வருகிறார்கள். ஈரக்கால், மண்கால், எதையும் யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் அதே மனிதர் என் படகைப் பார்க்க வந்தால் துறையின் மரப்பாதையிலேயே நின்றுகொண்டு, "ஏறலாமா?" என்று கேட்பார். நான் தலையாட்டிய பிறகுதான் கால் வைப்பார். ஷூ போட்டிருந்தால் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வார். பிச்சாட்டூரில் எங்கள் வீட்டுக்கு இவ்வளவு மரியாதையாக யாராவது வந்திருந்தால், கடன் கேட்க வந்திருக்கிறார் என்று என் அப்பா, எங்கள் நைனா, பின்பக்கமாக நழுவியிருப்பார்.

நான் ஆந்திர எல்லையோரம் உள்ள பிச்சாட்டூரில் பிறந்து, திருப்பதியில் படித்து, நியூசிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வேலைக்கு வந்தவள். வந்த புதிதில் வீடு கிடைக்காமல் அலைந்தபோது, கூட வேலை செய்த ஒருவர் தன்னுடைய பழைய பாய்மரப் படகை விற்றார். சும்மா உல்லாசப் படகல்ல. ஆழ்கடலுக்கென்று அந்தக் காலத்து முறையில் கட்டியது. கனத்த உடம்பு, முன்னிருந்து பின்வரை ஓடும் நீண்ட அடித்தண்டு. காற்று அடித்தால் மற்றப் படகுகள் துள்ளும், இது எருமை மாதிரி நிதானமாகத் தலையை ஆட்டும். அதிலேயே குடியேறினேன். பாய் ஏற்றக் கற்றுக்கொண்டேன், கடற்கரையோரமாக நாலைந்து ஊர் போய் வந்தேன். அணையைத் தவிர வேறு தண்ணீர் பார்க்காத ஊர்க்காரி எனக்கு, அந்தப் படகு உயிராகிவிட்டது. ஊரில் மட்டும், "தண்ணிக்குப் பக்கத்துல வீடு" என்று சொல்லிவைத்திருந்தேன். பொய்யில்லையே!

அம்மா போன பிறகு நைனா தனியாக இருந்தார். வற்புறுத்தி, கொஞ்ச மாதம் இருந்துவிட்டுப் போகச் சொல்லி வரவழைத்தேன். வந்ததும் படகை முன்னிருந்து பின்வரை ஒருமுறை நடந்து பார்த்தார். பிறகு, "இத்தயா பாப்பா வூடுன்னு சொல்லிக்கினு இருந்தே? நம்ம டேமுல வுட்டா ரெண்டு சுத்து சுத்திட்டு தரை தட்டிடும்" என்றார். அதோடு சரி, குறை சொல்லவில்லை. ஆனால் உள்ளே இறங்கும் செங்குத்தான ஏணியில் அவர் முழங்கால் படும் பாட்டை நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். இறங்கியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூச்சு வாங்குவார். இந்தப் படகில் நைனா இருக்க முடியாது. அவர் இல்லாமல் இன்னொரு முறை நான் இருக்கவும் முடியாது. படகை விற்று, மேட்டில் ஒரு வீடு எடுத்து, அவரை என்னோடு வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். வீடுகூடப் பார்த்துவிட்டேன். அவருடைய அறையைத் திறந்துகாட்டி அசத்தலாம் என்று அதை மட்டும் சொல்லவில்லை. "படகை வித்துடலாம்னு இருக்கேன் நைனா" என்றேன். அவர் முகம் அப்படி மலர்ந்தது. "நல்ல முடிவு பாப்பா, ரொம்ப நல்ல முடிவு" என்றார். எனக்கும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

விளம்பரம் எழுதினேன். "ஆழ்கடல் போய் வந்தது, பாய்கள், கயிறுகள் எல்லாம் சேர்த்து" என்று நான் சொல்லச் சொல்ல நைனா சிரித்தார். "ரெண்டு ஈத்து, சாது, பொம்பளையே கறக்கலாம்னு சேர்த்து எழுது" என்றார். வாங்க வந்தவர்கள் படகின் அடிப்பாகத்தைச் சின்ன மரச்சுத்தியால் தட்டித் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பதை மட்டும் அவர் மெச்சிக்கொண்டார். மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்காதவனை அவர் மனிதனாகவே மதித்ததில்லை.

வந்தவர்களில் ஹெலன் என்ற பெண்மணிக்குப் படகு பிடித்துவிட்டது. வயது அறுபதுக்கு மேல், தனியாக டோங்கா தீவு வரை போகப் போகிறாராம். நைனா அவரை, "ராண்டி, ராண்டி, கூச்சோண்டி" என்று வரவேற்றார். தமிழ் தெரியாதவருக்குத் தெலுங்கு தெரியும் என்பது அவருடைய நம்பிக்கை. மண்டல ஆபீசில் தொடங்கித் திருப்பதி வரை அது பலித்திருக்கிறது, நெல்சனில் மட்டும் ஏன் பலிக்காது? ஹெலன், "ஆமாம், நல்ல வெயில்" என்று பதில் சொன்னார். இருவருக்கும் பரம திருப்தி.

ஒப்படைக்கும் நாள் காலையில் நான் வேலைக்குப் போய்விட்டு மதியம் ஹெலனோடு வந்தேன். மரப்பாதையில் வரிசையாகக் கயிற்றுச் சுருள்கள். பாயை ஏற்றும் கயிறு, இழுக்கும் கயிறு, நங்கூரக் கயிறு என்று படகில் இருந்த அத்தனையும் உருவப்பட்டு, அழகாகச் சுற்றப்பட்டு, நைனாவின் துண்டால் மூடப்பட்டிருந்தன. பாய்மரம் மொட்டையாக நின்றது. துறையோடு கட்டியிருந்த கயிறு மட்டும் மிச்சம்.

"எல்லாக் கயிறும் சேர்த்து என்று எழுதியிருந்தாயே" என்றார் ஹெலன். குரலில் குளிர் வந்துவிட்டது. பேரம் முடிந்ததும் சாமானைத் திருடும் ஆள் என்று நினைத்துவிட்டார் போல. எனக்கு மானம் போயிற்று.

"இன்னா நைனா பண்ணி வெச்சிருக்கே?"

"மாட்ட விக்கும்போது கயித்தக் கொடுப்பாங்களா? இதுல எது மூக்கணாங்கயிறு, எது தாம்புக்கயிறுன்னு ஒன்னும் புரியல. எதுக்கு வம்புன்னு எல்லாத்தையும் எடுத்து வெச்சுட்டேன்."

எனக்குக் கங்காதர நெல்லூர் என்ற ஊர்க்காரர் ஒருவர் நினைவுக்கு வந்தார். நான் திருப்பதியில் கல்லூரி சேரும்போது எங்கள் மாட்டை வாங்க வந்தவர். மாடு பிடிக்க வருகிற ஆள் கயிறு கொண்டுவராமல் வந்துவிட்டார். நைனா அசையவில்லை. மாடு போகலாம், கயிறு போகக் கூடாது. கயிறு போனால் மாட்டுக் கொட்டாயின் லட்சுமியும் கூடவே போய்விடும். அந்த மனிதர் தெலுங்கில் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே கடைவீதிக்குப் போய்க் கயிறு வாங்கிவந்து கட்டினார். அந்தக் கூத்து முடிவதற்குள் என் பஸ் போய்விட்டது. பழைய கயிறு கொட்டாயில் ஆணியில் தொங்கியது. நான் சம்பாதிக்க ஆரம்பித்து, புது மாடு வந்தபோது, அதே கயிற்றால் கட்டினார். "பாத்தியா, கயிறு இழுத்துக்கினு வந்துச்சு" என்று ஊரெல்லாம் சொன்னார்.

இதை ஹெலனுக்கு இங்கிலீஷில் சொல்ல வேண்டுமே! சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "படகு மாடு இல்லை என்று அவருக்குத் தெரியும்தானே?" என்றார்.

"தெரியும்."

"சரி" என்று தன் பையிலிருந்து புதுக் கயிறு இரண்டை எடுத்தார். படகைத் துறையில் கட்ட எப்போதும் தன் கயிற்றைத்தான் பயன்படுத்துவாராம். குனிந்து, அவற்றால் படகைக் கட்டிவிட்டு, எங்கள் பழைய கயிறுகளை அவிழ்த்தார். நீலமும் வெள்ளையும் கலந்த நீளமானதை எடுத்து நைனாவிடம் நீட்டினார். நைனாவின் கண் விரிந்தது. "பாத்தியா! வெவரம் தெரிஞ்ச அம்மா. கயிறோட வந்திருக்கு பாரு" என்றவர், மற்றச் சுருள்களை எல்லாம் ஹெலன் பக்கம் தள்ளினார். "கட்டியிருந்த கயிறுதான் நம்புளுது. மத்ததெல்லாம் வேலைக் கயிறு, எடுத்துக்கச் சொல்லு." ஹெலன் சிரித்துவிட்டார். எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

நைனா அந்த நீலக் கயிற்றை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். "நல்லா கெட்டியா கீது பாப்பா. கொட்டாயில மாட்டி வெப்போம். நீ வந்து எறங்குனதும் ஒரு மாடு புடிச்சிக்கலாம்."

"நான் எங்க வரேன்?"

"இன்னாம்மா கேக்கறே? இருக்கிற வூட்ட வித்துட்டு வேற எங்க போவே? ஊருக்குத்தானே?"

நான் மரப்பாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன். "நைனா, உனக்காகத்தான் விக்கிறேன். உன்னால ஏணி ஏற முடியல. மேட்டுல வீடு பாத்துட்டேன். உனக்குத் தனி ரூம். நீ இங்கயே என்னோட இருப்பேன்னு நெனச்சேன்."

"நானா? இங்கியா?" அவர் கடலைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், வெறுங்காலோடு ஐஸ்கிரீம் தின்றுகொண்டு போன ஒரு பெரிய மனிதரைப் பார்த்தார். "நான் இங்க இருந்துக்கினு இன்னா பண்ணுவேன் பாப்பா?"

நான் ஊருக்கு வந்து என்ன செய்வேன் என்று நானும் அவரைக் கேட்டிருக்கலாம். "அப்போ விக்க வேணாம் நைனா. ஹெலன்கிட்ட இப்பவே சொல்லிடறேன்" என்று எழுந்தேன். நைனா கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"வேணாம். அந்தம்மா கயிறு கட்டிட்டாங்க. அவுருன்னு எந்த வாயால சொல்லுவே?"

உருவிய கயிறுகளை மறுபடி கோக்க ஒருவர் பாய்மரத்தின் உச்சிக்கு ஏற வேண்டும். அதில் சின்னச் சின்ன இரும்புப் படிகள் உண்டு. நானே ஏறுகிறேன் என்றேன். மேலே போய்த்தான் அழுதேன். கீழிருந்து பார்த்தால் முகம் தெரியாது. ஹெலன் கயிற்றின் நுனிகளை ஒவ்வொன்றாக அனுப்பினார், நான் கோத்தேன். நைனா மடியில் நீலச் சுருளோடு அண்ணாந்து பார்த்து, "பாத்து எறங்கு பாப்பா, பாத்து" என்று கத்திக்கொண்டே இருந்தார்.

நைனா ஊருக்குப் போய்விட்டார். நான் மேட்டு வீட்டில் இருக்கிறேன். அசையாத கட்டிலில் தூக்கம் பிடிக்க நாளாயிற்று. சமையலறை ஜன்னலில் துறை தெரியும். என் படகு நின்ற இடத்தில் வேறு ஏதோ வெள்ளைப் படகு நிற்கிறது. ஹெலன் டோங்கா போய்ச் சேர்ந்து போட்டோ அனுப்பினார். நைனாவுக்கென்று ஒதுக்கிய அறையில் துணி காயப் போடுகிறேன்.

போன வாரம் நைனா வீடியோவில் கூப்பிட்டுப் புது மாட்டைக் காட்டினார். கழுத்தில் நீலமும் வெள்ளையுமாகப் படகுக் கயிறு. மாட்டுக்கு நாலு முழம் போதும். மிச்சமெல்லாம் சுருளாகக் கொட்டாயின் ஆணியில் தொங்கியது.

"அவ்ளோ நீளம் எதுக்கு நைனா? அறுத்துட வேண்டியதுதானே."

"அறுக்கறதாவது! இந்தக் கோடிதான் மாட்டுது. அந்தக் கோடி உன்னுது பாப்பா, அது அங்கியே இருக்கட்டும்."

மாடு ஈயை விரட்டத் தலையை உதறியது. ஆணியில் தொங்கிய சுருள் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டே இருந்தது.