கடைசி நிரையில் கேட்ட குரல்

பேய்க்குப் பயப்படுகிறவனுக்கு வாடகை இல்லாத இடத்தில் தூக்கம் வராது. நான் கல்கத்தாவில் ஒரு மழைக்காலம் முழுக்கச் சுடுகாட்டுக் கொட்டகையில் படுத்தவன், சூரத்தில் ஒருவன் தூக்குப் போட்டுக்கொண்ட அறை என்று எல்லோரும் ஒதுக்கியதைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டவன். அங்கெல்லாம் என்னைக் கடித்தது மூட்டைப்பூச்சி மட்டும்தான். அதனால் நான் சொல்வதை நீங்கள் நம்பாவிட்டால் வருத்தமில்லை, வேறொருவன் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

ஐந்தாம் வகுப்போடு திண்டுக்கல் பக்கமிருந்து ஓடிப்போனேன். பம்பாய் மில்லில் இருந்தபோது சுமனைக் கட்டிக்கொண்டேன், மராட்டிக்காரி. மில்லை மூடினார்கள், குடியிருந்த அறையும் போயிற்று. நீலகிரியில் ஓவேலிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்கு வந்தால் கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில் அறை கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, ரயிலும் பஸ்ஸுமாக அவளை இங்கே கொண்டுவந்து இறக்கினேன். தீபாவளி கழிந்ததும் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் கூட்டிவந்தேன். இல்லாவிட்டால் வந்திருக்க மாட்டாள்.

எனக்கு ஃபேக்டரியில் வேலை, அவளுக்குக் கொழுந்து பறிக்கிற வேலை. தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. பக்கத்து அறை ராஜாமணி, "ஏனுங்ணா, உங்கூட்டம்மா நாக்கப் பம்பாயிலயே வெச்சுட்டு வந்துட்டாங்களாட்ட இருக்குதுங்க" என்பாள், லயமே சிரிக்கும். சுமன் தினமும் சாயங்காலம் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, ஊருக்குப் போகலாம் என்று அழுவாள். சாரல் காலம் தொடங்கியதும் அந்த அழுகை நின்றுவிட்டது. வேலை முடிந்து வந்து பாட்டுகூட முணுமுணுத்தாள். பழகிவிட்டாள் என்று நினைத்தேன், வேறென்ன நினைப்பது?

அப்போதுதான் கங்காணி செல்லையா என்னைக் கூப்பிட்டார். சிலோனிலிருந்து வந்தவர். மூடுபனி இறங்கினால் அவருக்கு ஆள் தெரியாது, காட்டெருமை நடமாட்டமும் உண்டு. அதனால் இங்கே ஒரு வழக்கம். அவர் விசில் ஊதியதும் முதல் நிரையில், அதாவது முதல் செடி வரிசையில், பறிக்கிறவள் 'ஓய்' என்பாள், பிறகு அடுத்தவள், அதற்கடுத்தவள் என்று அது கடைசி நிரைவரை போகும். கடைசி நிரை சுமனுடையது. அதற்கப்பால் மழைத்தண்ணீர் ஓடுகிற ஒரு கான், அதைத் தாண்டினால் சோலைக்காடு.

"இந்தா பாரு தம்பி, ஒம் பொஞ்சாதி ரெண்டு தரம் ஓய் போடுறா, ரெண்டாவது தரம் கொரல மாத்தி. பொம்பளைக பயந்துகிட்டு மலைக்கு வர மாட்டேங்குறாளுக. சொல்லி வையி. இல்லாட்டி பேர வெட்டிருவேன்."

பேரை வெட்டினால் அறையும் போய்விடும். மறுநாள் லீவு போட்டுவிட்டு நானே மேலே போனேன். அவளிடம் சொல்லவில்லை. கை நீட்டினால் கை தெரியாத பனி. விசில் கேட்டது. 'ஓய்' ஒவ்வொன்றாக மலையேறி வந்தது. சுமன் குரல் எனக்குத் தெரியாதா, அதுவும் வந்தது. அதற்குப் பிறகு, நம்பினால் நம்புங்கள், கானுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இன்னொன்று வந்தது.

கோபத்தோடு செடிகளுக்கு நடுவே ஏறினேன். இரண்டு பெண்கள் மராட்டியில் பேசிக்கொண்டிருந்தார்கள். "தீபாவளிக்குப் பிறகு போகலாம் என்கிறான்" என்றாள் சுமன். நான் பக்கத்திலேயே போய்விட்டேன், அவள் முகம் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு பறித்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு அசையவில்லை, ஆனால் பேச்சு நிற்கவில்லை. "என் வீட்டுக்காரனும் இப்படித்தான் சொன்னான்" என்றது அந்தக் குரல், கொஞ்சம் சிரிப்போடு. காற்று அடித்துப் பனி விலகியது. கானும் காடும் தவிர ஒன்றும் இல்லை.

செல்லையாவிடம் வந்து சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அந்த நெரைக்கு முன்னயும் பொம்பளைக போக மாட்டாளுக. என்னமோ வேத்து பாஷையில ஒருத்தி பேசுறான்னு சொல்லுவாளுக, எனக்கு நம்பிக்கை இல்ல. ஒன் சம்சாரத்துக்குத் தமிழ் தெரியாது, யாரும் சொல்லிப் பயங்காட்ட ஏலாதுன்னுதான் அங்க போட்டேன்."

அந்தக் குரலைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே பெண்ணைத் தேடிப்பிடித்து அங்கே நிறுத்தியிருக்கிறார்.

அன்று சாயங்காலமே பெட்டியைக் கட்டினேன். "கிளம்பு, பம்பாய்க்கே போகலாம். அங்கே யாரும் இல்லை சுமன், நான் பார்த்துவிட்டேன்" என்றேன்.

"உனக்கு யாரும் இல்லை" என்றாள். அழவில்லை. "நீ போ. வாழ்நாளெல்லாம் போய்க்கொண்டே இருந்தவன்தானே. எனக்கு இங்கே பேச ஆள் இருக்கிறது."

ஒருவர் போனாலும் அறை இல்லை. அவளைத் தெருவில் விட மனமில்லாமல் இருந்துவிட்டேன். எந்த ஊரிலும் தங்காத நான் இந்த ஊரில் குடியேறிய கதை இதுதான். கடைசி நிரையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள், யாரும் போட்டிக்கு வரவில்லை. மற்றப் பெண்கள் தங்கள் 'ஓய்' முடிந்ததும் காதில் துணியைச் சுற்றிக்கொண்டு பறிக்கப் பழகிவிட்டார்கள்.

வருஷங்கள் கழித்து அவள் தம்பி பார்க்க வந்தான். ஒரு நாள் முழுக்க அக்காளோடு பேசினான். திரும்பும்போது பஸ்ஸுக்கு நிற்கையில், "தாஜி" என்றான், அக்காள் புருஷனை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "அக்கா ஏன் இப்படிப் பேசுகிறாள்? இது எங்கள் ஊர்ப் பேச்சே இல்லை, ரொம்பப் பழைய ஆட்கள் பேசுகிற மாதிரி இருக்கிறது. செத்துப்போன அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆற்றில் வெள்ளம் வடிந்துவிட்டதா, இப்போது அக்கரைக்குப் போகலாமா என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டாள். எங்கள் ஊரில் ஆறே கிடையாது, தாஜி."

பஸ் வந்தது, அவன் ஏறிவிட்டான். நான் லயத்துக்கு வந்தேன். அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். "போய்ட்டானா?" என்று தமிழில் கேட்டாள். என்னோடு இப்போதெல்லாம் தமிழில்தான் பேசுகிறாள், மராட்டியெல்லாம் கடைசி நிரையோடு சரி. எந்த ஆறு என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.