திருமழிசையிலிருந்து வடபழனி வரை, வெறும் வயிற்றில்

இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும், நான் எழுதுவதெல்லாம் பழைய இரும்பு ஏலத்துக்குப் போய் வந்த கதைகள். ஓசூரில் லேத் எடுத்தது, ராணிப்பேட்டையில் பாய்லர் பார்த்து ஏமாந்தது, இப்படி. இது வேறு. இரண்டு மாதம் முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை திருமழிசையிலிருந்து வடபழனிக்குப் போனேன். இருபத்து மூன்று கிலோமீட்டர்தான். நான் போனதிலேயே நீளமான சாலை அதுதான். வீட்டில் வலிப்பு வரும் பிள்ளையை வைத்துக்கொண்டு நம்ம பக்கத்திலிருந்து நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போக இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

என் மகள் தர்ஷினிக்கு ஏழு வயது. மூன்று வருடமாக வலிப்பு. மாத்திரை இரண்டு முறை மாற்றியாயிற்று, அளவும் கூட்டியாயிற்று, வலிப்பு மட்டும் குறையவில்லை. விஷயத்தைக் கவனித்தது என் மனைவி செல்விதான். "காலையில வெறும் வயித்துலதாங்க வருது. நாலு இட்லி உள்ள போச்சுன்னா நேரா நடக்கறா. பசி வந்தா காலு பின்னுது" என்றாள். வடபழனி தாண்டியிருக்கும் குழந்தை நரம்பு மருத்துவரிடம் அதை அப்படியே சொன்னோம். அந்த அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். புரதம் என்றால் முட்டை, பருப்பு என்றுதான் நினைத்திருந்தேன். மூளையிலும் புரதங்களுக்கு வேலை இருக்கிறதாம். மூளைச் செல்லின் சுவரில் உப்பை உள்ளே விட, வெளியே விட, கதவு மாதிரி சில புரதங்கள். கதவு ஒழுங்காகத் திறந்து மூடாவிட்டால் வலிப்பு வரலாம். இன்னொரு புரதம் சுமைதூக்கி. ரத்தத்தில் வரும் சர்க்கரையை மூளைக்குள் இறக்குவது அதன் வேலை. அது குறைந்தால், கேட்டில் லாரி லாரியாகச் சரக்கு நிற்கும், உள்ளே மிஷின் பட்டினி கிடக்கும். "எந்தப் புரதத்துல கோளாறுன்னு தெரியாம மருந்து குடுத்தா, சிலருக்கு வலிப்பு அதிகமாகவும் வாய்ப்பு இருக்கு" என்றார்.

கண்டுபிடிக்கச் சில மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும். முதலில் ரத்தம், பிறகு முதுகுத் தண்டிலிருந்து கொஞ்சம் நீர் எடுத்து, இரண்டிலும் உள்ள சர்க்கரையை ஒப்பிடுவார்கள். வெறும் வயிற்றில்தான் இவளுக்கு வலிப்பே வருகிறது. அதே வெறும் வயிற்றோடு இவளைக் கூட்டிப்போக வேண்டும். முந்தைய நாளே சேர்த்துக்கொள்ளக் கேட்டேன், படுக்கை இல்லை. வழியில் ஒரு வாய் சாப்பிட்டாலும் அடுத்த தேதி ஐந்து வாரம் கழித்துத்தான். ஐந்து வாரம் என்றால் இவளுக்கு முப்பது வலிப்பாவது வரும். தள்ளிப்போடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

என்னிடம் இருப்பது குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி. இரும்பு தாங்கும் குலுக்கலை இவள் தாங்கமாட்டாள். போன் ஆப்பில் பதிவு போட்ட கார் இரண்டு முறை ரத்தானது. கடைசியில் எங்கள் ஸ்டாண்டில் நிற்கும் ஆட்டோக்காரர் பாபுவைப் பிடித்தேன். போக, வர, காத்திருக்க ஆயிரத்து அறுநூறு கேட்டார், ஆயிரத்து நானூறில் முடித்தேன். பழக்கம் விடாது.

காலை ஐந்துக்குப் பால், அதோடு சரி. ஏழே காலுக்குக் கிளம்பினோம். ஊசி முடிந்ததும் கொடுக்க டப்பாவில் இட்லி வைத்திருந்தாள் செல்வி. தர்ஷினி மோப்பம் பிடித்துவிட்டாள்.

"அப்பா, டப்பால இன்னா?"

"இட்லி. ஊசி போட்டப்புறம்."

"எத்தினி இட்லி?"

"நாலு."

"எத்தினி ஊசி?"

"ரெண்டு."

"ஒரு ஊசிக்கு ரெண்டு இட்லி" என்றாள். என் மகள்தான், சந்தேகமில்லை.

நசரத்பேட்டை நெரிசலைத் தாண்டி, பூந்தமல்லி பைபாஸில் சென்னீர்குப்பம் பக்கம் வரும்போது அவள் கண் ஒரு பக்கமாகச் செருகியது. கை, கால் வெட்ட ஆரம்பித்தது. செல்வி அவளை மடியில் ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நிமிடம் தாண்டினால் மூக்கில் அடிக்க மருந்து என் சட்டைப்பையில் இருந்தது. அப்படி ஆனால் சோதனையை மறந்துவிட்டு அருகில் உள்ள ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அதுதான் மருத்துவர் சொன்ன ஏற்பாடு.

பாபு கண்ணாடியில் பார்த்தார். நடுச்சாலையில் பிரேக் அடித்து, இன்ஜினை நிறுத்தி, சாவியைப் பிடுங்கி என் மகளின் கையில் திணித்தார். எல்லாம் நான் வாயைத் திறப்பதற்குள். அவள் விரல்கள் சாவியை இறுக மூடிக்கொண்டன.

பின்னால் ஹாரன். கூட்டம் சேர்ந்தது. லாரி கிளீனர் ஒருவர் ஸ்பேனரோடு ஓடி வந்தார். டீக்கடை அம்மா டம்ளரில் சர்க்கரைத் தண்ணீர் கொண்டு வந்தார். பின்னாலேயே போக்குவரத்துப் போலீஸ்காரர்.

"யோவ் ஆட்டோ! நடுரோட்ல இன்னாய்யா? வண்டிய எடு!"

"சாவி பாப்பா கைல கீது சார்."

"வாங்குய்யா!"

"வர்ல சார். கெட்டியா புட்ச்சிகினு கீது."

கிளீனர் ஸ்பேனரை நீட்டினார். "இந்தா நைனா, இத்த குடுத்துட்டு அத்த வாங்கு. இரும்பு பட்டா நின்னுடும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, பழைய இரும்பு வியாபாரி நானு. பதினஞ்சு டன்னு என் யார்டுல கெடக்குது. இரும்புக்கு நிக்கும்னா எம்பொண்ணுக்கு இது வந்தே இருக்கக் கூடாது. அந்த யார்டுலயே மூணு வாட்டி வந்துருக்கு." யாரோ சிரித்தார்கள். ஸ்பேனர் அவர் பின்பாக்கெட்டுக்குப் போனது.

டீக்கடை அம்மா விடவில்லை. "அப்போ இத்தயாச்சும் வாயில ஊத்துய்யா. புள்ள காஞ்சி கெடக்கு, கல்லு மாரி நிக்கிற!"

"நெனவில்லாதப்ப ஊத்துனா மூச்சுல போயிடும்மா. அப்புறம் எந்த டாக்டராலயும் முடியாது."

"முழிச்சதும் குடுப்பியா?"

"மாட்டேன்."

அந்த அம்மா பார்த்த பார்வையை மறக்க முடியாது. செல்விதான் நிமிராமல் சொன்னாள்: "நானும் காலையிலேருந்து சாப்பிடலக்கா. காத்து வரட்டும், கொஞ்சம் நகந்துக்கோங்க." அந்த அம்மா நகர்ந்ததோடு நிற்கவில்லை, மற்றவர்களையும் பிடித்துத் தள்ளினார்.

நாலாவது நிமிடத்தில் வெட்டுவது நின்றது. விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. உள்ளங்கையில் சாவியின் பல் அச்சாகப் பதிந்திருந்தது. பாபு அதைத் தடவிப் பார்த்துவிட்டு, சாவியை எடுத்து வண்டியைக் கிளப்பினார். போலீஸ்காரரே மற்ற வண்டிகளை நிறுத்தி வழிவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். நர்ஸ் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, "நின்னுடுச்சுல்ல, மூச்சு சீரா இருக்குல்ல? நேரா வாங்க. எதுவும் குடுக்காதீங்க" என்றார்.

வலிப்பைவிடக் கஷ்டமான பகுதி அதற்குப் பிறகுதான். காட்டுப்பாக்கத்தில் கண் விழித்தாள். கேட்ட முதல் வார்த்தை இட்லி. "ஒண்ணே ஒண்ணுப்பா." டப்பாவைச் செல்வி முந்தானைக்குள் மறைத்தாள். போரூர் சிக்னலில் இருபது நிமிடம் நின்றோம். இருபது நிமிடமும் அதே கேள்வி.

பாபு திரும்பினார். "ஒரு விள்ளல் குடுத்தா எவனுக்குத் தெரியும் அண்ணாத்தே?"

"தராசுல நானே கை வெச்சிட்டா, அப்புறம் எனக்கு இன்னா எடை தெரியும் பாபு?"

அவர் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் மகளின் முகத்தைப் பார்க்காமல் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஒன்பதே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். பத்துக்கு ரத்தம், அடுத்து மயக்க மருந்து கொடுத்து முதுகில் ஊசி. மயக்கம் நன்றாகத் தெளிந்தபின் சாப்பிடலாம் என்றார்கள். ஆறிப்போன நாலு இட்லியையும் பொடியோடு தின்றுவிட்டு ஐந்தாவது கேட்டாள்.

மதியம் மருத்துவர் வந்தார். ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருக்கிறது, தண்டு நீரில் அதில் பாதிகூட இல்லை. சுமைதூக்கிப் புரதம்தான். உறுதி செய்ய மரபணு சோதனைக்கும் அனுப்பினார்கள். வைத்தியம், சரக்கை வேறு கேட் வழியாக அனுப்புவது. கொழுப்பிலிருந்து உடம்பு தயாரிக்கும் எரிபொருளை மூளைக்குள் கொண்டுபோக வேறு புரதம் இருக்கிறதாம். நெய், தேங்காய் எண்ணெய், வெண்ணெய், முட்டை, எல்லாம் எடை போட்டுத்தான். அரிசியும் சர்க்கரையும் கிட்டத்தட்ட நிறுத்தம்.

"அப்போ இட்லி?" என்றாள் செல்வி. மருத்துவர் தலையாட்டினார். காலி டப்பா கட்டிலின்மேல் இருந்தது. ஐந்தாவது இட்லியை வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

அடுத்த வாரமே ஆஸ்பத்திரியில் சேர்த்து, உணவு நிபுணர் மேற்பார்வையில் ஆரம்பித்தோம். மரபணு முடிவும் அதையேதான் சொன்னது. இப்போது காலை வலிப்பு இல்லை. பெருமையடிக்கமாட்டேன், முழுத் தொகையும் கைக்கு வராமல் விற்றதாகச் சொல்லும் ஆள் இல்லை நான். எங்கள் வீட்டில் யாருமே இட்லி சாப்பிடுவதில்லை.

போகிறவர்களுக்கு: ஏழு மணிக்கு முன்பே கிளம்புங்கள், போரூருக்கென்று அரை மணி தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் சொல்லாமல் பட்டினி போடுவதோ, மாத்திரையை நிறுத்துவதோ, நெய்யை அள்ளிக் கொடுப்பதோ கூடாது. எல்லா வலிப்பும் என் மகளுடையது போல இல்லை. வலிப்பு எப்போது வருகிறது, சாப்பிடும் முன்னா பின்னா என்று கவனித்துச் சொல்லுங்கள். வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், நேரம் பாருங்கள், வாயில் எதுவும் வைக்காதீர்கள். டிரைவரிடம் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள், சாவி வண்டியிலேயே இருக்கட்டும்.

போன வாரம் மறுபரிசோதனைக்குப் போனோம். அதே பாபு. சாவியைக் கட்டுக்கம்பியால் ஹேண்டிலோடு முறுக்கிக் கட்டியிருந்தார். "இனிமே நானே நெனச்சாலும் கையோட வராது அண்ணாத்தே" என்றார். சென்னீர்குப்பம் வந்ததும் தர்ஷினி டப்பாவைத் தொட்டாள். உள்ளே தேங்காய் எண்ணெயில் மிதக்கும் முட்டை.

"ஊசி போட்டப்புறமா?"

"இன்னிக்கு ஊசி இல்ல. இப்பவே சாப்பிடு."