கை தட்டிய பிறகும் வலித்தது

என் பெயர் சாந்தி. செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறேன். வயது நாற்பத்தெட்டு. கர்த்தர் எனக்குச் செய்த நன்மையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன்னால், கர்த்தர் பேரைச் சொல்லி நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்லியாக வேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆடி மாதம், தோள்பட்டையில் வலி ஆரம்பித்தது. தை பிறப்பதற்குள் கழுத்து, இடுப்பு, தொடை என்று உடம்பு முழுக்கக் குடியேறிவிட்டது. எட்டு மணி நேரம் தூங்கினாலும் ராஜகிரிக் கோட்டையை ஏறி இறங்கினவள் மாதிரிதான் எழுந்திருப்பேன். சோறு வடிக்கும்போது கண்ணில் தண்ணீர் வரும். ஆவி அடிக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சமாளிப்பேன்.

டாக்டரிடம் போனேன். “எங்கம்மா வலிக்குது?” என்றார். “வலிக்காத இடத்தச் சொல்றேன் சார், சீக்கிரம் முடிஞ்சிடும்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, “ஒண்ணும் இல்ல, டென்ஷன்தான்” என்றார். இன்னும் இரண்டு டாக்டர்களும் அதையே சொன்னார்கள்.

என் வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஒரு நாள் அவர் பொறுக்க முடியாமல் கேட்டார்: “உனக்கு இன்னாதான்டி நோவு? ஸ்டாண்டுல கேக்கறவனுக்குச் சொல்ல ஒரு பேராவது வேணாமா?”

அன்றைக்கு அழுதுகொண்டே ஜெபித்தேன். “ஆண்டவரே, சுகம் அப்புறம் கொடும். முதல்ல இதுக்கு ஒரு பேரைக் கொடும். இல்லன்னா என்னை எடுத்துக்கும்.”

அந்தச் சமயத்தில் எங்கள் சபையில் உபவாச ஜெபம் நடந்தது. வெளியூர் தேவ ஊழியர் ஒருவர் வந்து தலையில் கை வைத்து ஜெபித்தார். “சுகமானவங்க மேடைக்கு வாங்க” என்றார். ஒருவரும் போகவில்லை. எங்கள் சபையில் மைக் சும்மா இருந்தால் எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள். நான் பேசினால் சிரிப்பு வரும் என்று பெயர். “சாந்தியக்கா, போங்க போங்க” என்றார்கள். பாட்டின் வேகத்தில் எனக்கும் வலி குறைந்த மாதிரிதான் இருந்தது. போனேன். சுகமாகிவிட்டேன் என்றேன். எல்லோரும் நம்புவதற்காக இரண்டு கையையும் தூக்கி ஒரு சுற்று சுற்றியும் காட்டினேன். கை தட்டல் நிற்கவே இல்லை.

மறுநாள் காலை பாயிலிருந்து எழ முடியவில்லை.

சுகமானதாகச் சாட்சி சொன்னவள் ஆஸ்பத்திரி வரிசையில் எப்படி நிற்பது? வலி மாத்திரையைத் மல்லித்தூள் டப்பாவுக்குள் ஒளித்து வைத்தேன். மேல்சித்தாமூர் பக்கம் ஒரு வீட்டு ஜெபத்துக்குக் கூப்பிட்டு, அங்கேயும் அதே சாட்சியைச் சொல்லவைத்தார்கள். திரும்பி வரும்போது பஸ் கம்பியைப் பிடிக்க முடியவில்லை.

எங்கள் சபைக்கு வரும் ரூத் அக்காவை ஒரு நாள் வழியில் பார்த்தேன். முகம் வாடி, கால் தள்ளாடி வந்தார்.

“இன்னாக்கா ஆச்சு?”

“சக்கர மாத்திரய நிறுத்திட்டேன் சாந்தி. உன் சாட்சியக் கேட்டப்புறம் எனக்கும் விசுவாசம் வந்துச்சு.”

அது என்னோடு போகிற பொய் என்றுதான் நினைத்திருந்தேன். அங்கேயே அவர் கையைப் பிடித்து, “அக்கா, நான் சொன்னது பொய். இப்பவே போய் மாத்திரயப் போடு” என்றேன். நம்பாமல் பார்த்தார். வீட்டுக்கே கூட்டிப்போய் மாத்திரை போட்ட பிறகுதான் விட்டேன். மறுநாளே அவர் டாக்டரையும் போய்ப் பார்த்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் ஐயாவிடம் கேட்டு மைக் வாங்கினேன். நான் எழுந்ததுமே நாலு பேர் சிரிக்கத் தயாரானார்கள். “எனக்குச் சுகமாகல. உடம்பு முழுக்க வலிக்குது. உங்க எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன்” என்றேன். ஐயா மெதுவாக, “உக்காரும்மா, நின்னா வலிக்கப் போகுது” என்றார். அதில்தான் நான் உடைந்து அழுதேன்.

ஆராதனை முடிந்ததும் ஒரு பெண் பக்கத்தில் வந்தாள். சீயமங்கலத்திலிருந்து அன்றைக்குத்தான் முதல் தடவை வந்தவள், நர்ஸ். “தூங்கி எழுந்தும் அசதியா இருக்குதா? தொட்டாலே வலிக்குதா? ரிப்போர்ட் எல்லாம் நார்மலா?” என்றாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் மூட்டு, தசை நோய்க்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது என்று சொல்லி, எந்தக் கிழமை போக வேண்டும், எந்த பஸ் என்பது வரை எழுதிக் கொடுத்தாள்.

அந்த டாக்டரம்மா என்னை நிதானமாகப் பேசவிட்டார். அங்கங்கே அழுத்திப் பார்த்தார். “இதுக்கு ஃபைப்ரோமயால்ஜியான்னு பேரு. ரத்தத்துலயும் எக்ஸ்ரேலயும் தெரியாது, ஆனா உங்க வலி நிஜம்தாம்மா” என்றார். கெட்ட செய்தி கேட்டு ஸ்தோத்திரம் சொன்ன நோயாளியை அவர் அதுவரை பார்த்திருக்க மாட்டார். பேரைப் பாடமாக்க எனக்கு மூன்று நாள் ஆனது. என் வீட்டுக்காரர் ஒரே நாளில் கற்றுக்கொண்டு, ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிவிட்டார்.

முழுசாகப் போகாது, ஆனால் அடக்கி வைக்கலாம் என்றார் டாக்டரம்மா. ராத்திரி ஒரு சின்ன மாத்திரை. தினமும் நடை, முதல் வாரம் பத்து நிமிஷம்தான், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். நேரத்தோடு தூக்கம். பெரிய சோற்றுக் குண்டானை இப்போது இரண்டு பேராகத் தூக்குகிறோம். ஒன்றரை வருஷம் ஆகிறது. வலி பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. சில நாள் திரும்பி வரும். அன்றைக்கு வலிக்கிறது என்றே எல்லோரிடமும் சொல்கிறேன்.

அன்பானவர்களே, நான் கேட்டது ஒரு பேர். கர்த்தர் அந்தப் பேரையும் கொடுத்து, மருந்தையும் கொடுத்து, என்னை உட்காரச் சொல்ல ஒரு சபையையும் கொடுத்தார். உங்களுக்கும் வலித்தால் அவரை நம்பி, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே ஜெபியுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். நேற்று கூட மூன்று வார்த்தைக்கு மேல் ஜெபிக்க முடியாமல் தூங்கிப்போனேன். காலை வரைக்கும் நல்ல தூக்கம். அதற்கும் அவருக்கே ஸ்தோத்திரம்.