அரை மாத்திரை டாக்டர்

குழந்தைகள் மனநலப் பிரிவுக்கு டாக்டரம்மா வந்து சேர்ந்த முதல் மாதமே மருந்து ஜன்னலில் இருப்பவருக்கு விரல் வலி கண்டுவிட்டது. டாக்டரம்மா எழுதி அனுப்பிய சீட்டெல்லாம் ‘அரை’, ‘அரை’ என்றே வந்தன. கடுகத்தனை மாத்திரையை நடுவில் பிசகாமல் பிளப்பது லேசுப்பட்ட வேலையா? ஒரு பாதி உடையும், மறு பாதி பொடியாகும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர் ஒருநாள் தேநீர் வேளையில், அரை மாத்திரை டாக்டர் இன்றைக்கு லீவு, அதனால் என் விரலுக்கும் லீவு என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பெயர் பசை போட்டதுபோல ஒட்டிக்கொண்டது.

அது டாக்டரம்மாவின் காதுக்கு வர ஒரு வாரம் பிடித்தது. கோபப்படவில்லை. மறுநாள் மாத்திரை வெட்டும் சின்னப் பெட்டி ஒன்றைக் கொண்டுபோய் ஜன்னலில் வைத்துவிட்டு, பெயர் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தார்.

அவருடைய அறை நடைக்கூடத்தின் கோடியில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் சலவைப் பிரிவின் நீராவியும் சோப்பு வாசனையும் உள்ளே வரும். சுவரில் உயரம் பார்க்கும் பட்டை, மூலையில் எடை பார்க்கும் கருவி, மேசையில் சின்னக் கைகளுக்கு ஏற்ற ரத்த அழுத்தப் பட்டை. ஒரு பிள்ளைக்கு மருந்து எழுதுவதற்கு முன் இந்த மூன்றும் முடிந்தாக வேண்டும். பிறகு கேள்விகள். பிள்ளை வேறு என்ன மருந்து சாப்பிடுகிறது, இருமலுக்கு என்ன குடித்தது, பக்கத்து வீட்டார் சொன்ன கஷாயம் ஏதாவது உண்டா, குடும்பத்தில் யாராவது தூக்கமே இல்லாமல் நாள்கணக்கில் ஆர்ப்பாட்டமாக இருந்ததுண்டா, இதய நோய் உண்டா. மூன்று தலைமுறைக் கதையையும் கேட்காமல் விடமாட்டார் என்று வெளியே காத்திருப்பவர்கள் அலுத்துக்கொள்வார்கள். அதற்கப்புறமும் எல்லோருக்கும் மருந்து கிடைத்துவிடாது. பாதிப் பேரை மாத்திரை இல்லாமலே, பேச்சு வழியான மனப் பயிற்சிக்கு மட்டும் அனுப்பிவிடுவார்.

பிரிவின் தலைவருக்கு இது பெரிய தலைவலி. நல்ல மனிதர்தான். ஆனால் வாசல் தாண்டி நிற்கும் வரிசையைப் பார்த்தால் அவர் கண் கடிகாரத்துக்குப் போய்விடும். நீங்கள் ஒரு பிள்ளையைப் பார்க்கிற நேரத்தில் மற்றவர்கள் மூன்று பிள்ளைகளைப் பார்த்துவிடுகிறார்களே என்று ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார்.

“பதறாத காரியம் சிதறாது சார்” என்றார் டாக்டரம்மா.

“பதற வேண்டாம்மா. கொஞ்சம் நடக்கவாவது செய்யுங்களேன்.”

வீட்டிலும் கிண்டலுக்குக் குறைவில்லை. கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். இரவுச் சாப்பாட்டின்போது பேச்சு எங்கே தொடங்கினாலும் கிளட்சிலும் கியரிலும்தான் வந்து நிற்கும். “எனக்காவது பக்கத்து சீட்ல தனியா ஒரு பிரேக் இருக்கு. உனக்கு என்ன இருக்கு?” என்று ஒருமுறை கேட்டார். “அந்தப் பிள்ளையோட அம்மா இருக்காங்க” என்றார் டாக்டரம்மா. கணவர் அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோற்றைப் போட்டார்.

அந்த வருடம்தான் ரொட்டிக் கடைக்காரரின் மகள் வந்தாள். பதினொரு வயது. வீட்டில் அவளுக்குச் ‘சுத்தக்காரி’ என்று செல்லப் பெயர். கை கழுவாமல் மாவைத் தொடக் கூடாது என்பது அந்தக் கடையின் சட்டம். மகள் இரண்டு முறை கழுவியபோது அப்பா மெச்சினார். ஐந்து முறை கழுவியபோது வாடிக்கையாளர்களிடம் சொல்லிப் பெருமைப்பட்டார். குழாயடியிலிருந்து அவளை இழுத்து வர முடியாமல் போனபோதுதான் விஷயம் வேறு என்று அம்மாவுக்கு உறைத்தது. டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தபோது அந்தப் பெண்ணின் விரல் முட்டிகள் வெடித்து ரத்தம் கசிந்திருந்தன. கதவுப் பிடியைத் தொட்டால் வீட்டில் எல்லோரும் செத்துப்போவார்கள் என்று மனசு சொல்கிறது, அது பொய் என்று தெரியும், ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை என்றாள். பள்ளிக்குப் போய்ப் பல வாரம் ஆகியிருந்தது.

முதலில் மனப் பயிற்சி தொடங்கியது. அச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டுப் பழகும் பயிற்சி அது. பிள்ளை முயன்றாள், ஆனால் பயம் மலையாக இருந்தது, முதல் படியிலேயே மூச்சு முட்டியது. அப்போதுதான் டாக்டரம்மா மருந்தைப் பற்றிப் பேசினார். பெற்றோரிடம் மட்டுமல்ல, அவளிடமும் பேசினார். இது பயத்தை அழிக்கிற மருந்து இல்லை, அதன் சத்தத்தைக் குறைக்கிற மருந்து. உடனே கேட்காது, பல வாரம் ஆகும். வயிற்றைப் பிரட்டலாம், தலை வலிக்கலாம். சில பிள்ளைகளுக்குத் தொடக்கத்திலும், அளவைக் கூட்டும்போதும் மனசு தாறுமாறாக ஓடும். அரிதாகச் சாக வேண்டும் என்ற எண்ணமும் தலைகாட்டும். அப்படி வந்தால் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

அம்மாவிடம் தனியாக இன்னும் இரண்டு விஷயம் சொன்னார். மாத்திரை பூட்டுக்குள் இருக்க வேண்டும், அம்மா கையால்தான் கொடுக்க வேண்டும். பிள்ளை பிள்ளையாக இல்லை என்று தோன்றினால் அடுத்த முறை வரும்வரை காத்திருக்கக் கூடாது. தன் கைபேசி எண்ணையும் கொடுத்தார்.

“எப்படித் தோணும் டாக்டர்? எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்?” என்றாள் அந்த அம்மா.

“ரொட்டி கருகுறதுக்கு முன்னாடியே உங்களுக்கு வாசனை தெரியுமில்ல? அப்படித்தான். உங்களுக்குத் தெரியும்.”

அரை மாத்திரையில் தொடங்கினார்கள். வயிற்றுப் பிரட்டல் வந்தது, போயிற்று. சில வாரம் கழித்து முழு மாத்திரை. குழாயடியில் நிற்கும் நேரம் லேசாகக் குறைந்தது. அப்பா மறுபடி வாடிக்கையாளர்களோடு சிரித்துப் பேச ஆரம்பித்தார். அடுத்ததாக இன்னும் ஒரு அரை கூட்டினார் டாக்டரம்மா.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, அந்த வாரம் எல்லாம் தலைகீழானது. பிள்ளை உட்கார மறுத்தாள். காரணமில்லாமல் சிரித்தாள், அடுத்த நிமிடம் அழுதாள். அலமாரி மேல் ஏறினாள். ரொட்டித் தட்டுகளை இழுத்துப் போட்டு மாற்றி மாற்றி அடுக்கினாள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள் அப்பாவைப் பார்த்துக் கத்தினாள். தூக்கம் பேருக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மாவின் தம்பி வந்து பார்த்துவிட்டு, இது பைத்தியம் பிடிக்க வைக்கிற மருந்து என்று தீர்ப்புச் சொல்லி, எல்லோரையும் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்.

ட்யூட்டியில் இருந்த டாக்டர் இளைஞர், கெட்டிக்காரர். பிள்ளையைப் பார்த்தார், பரிசோதித்தார், அமைதிப்படுத்த இரண்டாவதாக ஒரு மருந்து எழுதப் போனார். தம்பியோ, முதல் மருந்தைக் குப்பையில் போடு என்று குதித்தார். நடுவில் நின்ற அம்மா டாக்டரின் பேனாமேல் கையை வைத்துவிட்டாள். “அவங்களைக் கேக்காம ஒண்ணு கூட்டவும் வேண்டாம், ஒண்ணு குறைக்கவும் வேண்டாம்” என்றாள். சொல்லிவிட்டு டாக்டரம்மாவுக்கு போன் போட்டாள்.

டாக்டரம்மாவின் கார் அன்று பழுதாகிக் கிடந்தது. கணவர் பயிற்சிக் காரில் கொண்டுவந்து இறக்கினார். கூரையில் பெரிய சிவப்பு ‘எல்’ பலகையோடு வந்து நின்ற காரிலிருந்து தம் டாக்டர் இறங்குவதைப் பார்த்து, அந்தத் தம்பிக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போயிருக்கும்.

உள்ளே வந்ததும் டாக்டரம்மா யாரோடும் வாதாடவில்லை. பிள்ளையைத் தனியே உட்காரவைத்தார், அல்லது உட்காரவைக்கப் பார்த்தார். அவள் அறையை அளந்துகொண்டே இருந்தாள். காய்ச்சல் இல்லை. கை கால் நடுக்கமோ தசை இறுக்கமோ இல்லை. வேறு மருந்து எதுவும் உள்ளே போகவில்லை. பிறகு நேராகக் கேட்டார்.

“சாகணும்னு, உன்னை நீயே ஏதாவது பண்ணிக்கணும்னு தோணுதா கண்ணு?”

பிள்ளை நின்றாள். “இல்ல. ஆனா உடம்புக்குள்ள யாரோ ஓடிக்கிட்டே இருக்காங்க. நான் நிக்கச் சொன்னாலும் நிக்க மாட்டேங்கறாங்க.”

“இது உன் தப்பு இல்ல. மருந்தோட அளவு கொஞ்சம் கூடிப்போச்சு. குறைச்சா அவங்க நின்னுடுவாங்க. நீ இப்படிச் சொன்னதாலதான் எனக்குப் புரிஞ்சுது.”

வெளியே வந்து ட்யூட்டி டாக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே குடும்பத்துக்கு விளக்கினார். கூட்டிய அரையைக் கழித்துவிடலாம். பழைய அளவு தொடரட்டும். இரண்டாவது மருந்து வேண்டாம். முழுதாக நிறுத்தவும் வேண்டாம்.

தம்பி விடுவதாக இல்லை. “இவ்வளவு நடந்தப்புறமும் அதே மாத்திரையா டாக்டர்?”

“அதே மாத்திரைதான், அளவுதான் வேற. ஒரு மருந்து பண்ற தொல்லைக்கு இன்னொரு மருந்து குடுத்தா, நாளைக்கு எது எதோட வேலைன்னு எனக்கே தெரியாது. ஒரேயடியா நிறுத்தினா பழைய பயம் திரும்பி வந்து குந்திக்கும். ஒரு நேரத்துல ஒரு மாற்றம்தான். அதைக் கண்ணால பாத்துட்டு அடுத்தது.”

தம்பியும் ட்யூட்டி டாக்டரும் அப்போது அதை முழுதாக ஏற்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. பிள்ளையை அன்று மாலைவரை ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பார்த்தார்கள். டாக்டரம்மா அவளோடு நடைக்கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். கணவர் காருக்குள் தூங்கிவிட்டார்.

அடுத்த சில நாட்கள் டாக்டரம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் காலையில் அந்த அம்மாவுக்கு அவரே போன் போட்டார். இது அளவு கூடியதன் விளைவுதானா, இல்லை அடியில் வேறொரு நோய் கண்விழிக்கிறதா என்ற சந்தேகம் அவரைக் குடைந்துகொண்டே இருந்தது. மூன்றாவது நாள் பிள்ளை நன்றாகத் தூங்கினாள். வாரம் முடிவதற்குள் அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தவர் நின்றுவிட்டார். போனில் அம்மா சொன்ன செய்தி இதுதான்: “டாக்டர், என் பொண்ணு திரும்பி வந்துட்டா. இப்ப மறுபடி கை கழுவப் போயிருக்கா.” அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் டாக்டரம்மா இரண்டையும் செய்தார்.

அதன்பிறகு வேலை மெதுவாக நடந்தது. மருந்து பழைய அளவிலேயே நின்று, பயத்தின் சத்தத்தைத் தணித்தது. பயிற்சிதான் மீதியைச் செய்தது. கல்லாப் பெட்டியைத் தொட வேண்டும், தொட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கழுவாமல் இருக்க வேண்டும். அடுத்து கதவுப் பிடி, அடுத்து பேருந்துக் கம்பி. “சுத்தமா இருக்கேனாப்பா?” என்று அவள் கேட்டால் அப்பா பதில் சொல்லக் கூடாது என்பதும் பயிற்சியில் ஒன்று. அந்த மனிதருக்குத்தான் அது பெரிய சோதனை. மகள் கண்ணில் நீர் முட்டுவதைப் பார்க்க முடியாமல் அடுப்புக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாராம். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். அந்த வீட்டில் நான்கு எறும்புகள் ஊர்ந்தன, தம்பியையும் சேர்த்து. மாத்திரை கொடுக்கும் வேளைக்கு அக்காவுக்கு நினைவூட்டியது அவர்தான்.

பள்ளிக்குத் திரும்பினாள். வருடமும் திரும்பியது. நன்றாக இருந்து பல மாதம் ஆனபின், மருந்தைக் குறைக்கலாமா என்று டாக்டரம்மாவே கேட்டார். இம்முறை பயந்தது அம்மா. நன்றாக இருக்கிற பிள்ளையை ஏன் சீண்ட வேண்டும் என்றாள். பிள்ளைதான், பார்க்கலாம் அம்மா, வந்தால் எனக்கு அதை அடையாளம் தெரியும் என்றாள். ஏற்றியதைவிட மெதுவாக இறக்கினார்கள், பரீட்சை இல்லாத மாதமாகப் பார்த்து. ஒருமுறை பயம் எட்டிப் பார்த்தது. அதே அளவில் நின்றார்கள், அது போனதும் மேற்கொண்டு இறங்கினார்கள். கடைசியில் மாத்திரை நின்றது. பிள்ளை நிற்கவில்லை, பள்ளி ஓட்டப் பந்தயத்தில் சேர்ந்துவிட்டாள்.

அந்த ட்யூட்டி டாக்டர் மாதாந்தரக் கூட்டத்தில் தாமாகவே எழுந்து அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேசினார். அன்றைக்குத் தாம் எழுதப்போன மருந்து தவறான மருந்து அல்ல, ஆனால் தேவைப்படாத மருந்து என்றார். பிரிவின் தலைவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, வரிசை நீளமாகத்தான் இருக்கும், அதற்கு இன்னொரு டாக்டரைக் கேட்டு வாங்குவது என் வேலை, சீக்கிரம் பாருங்கள் என்று இனி டாக்டரம்மாவிடம் யாரும் சொல்லக் கூடாது என்றார். சொன்னபடி வாங்கியும் கொடுத்தார். டாக்டரம்மா தலையைக் குனிந்துகொண்டார். காது மடல் மட்டும் சிவந்திருந்தது. மருந்து ஜன்னலில் யாரோ புதியவர் அந்தப் பட்டப்பெயரைச் சொல்லிச் சிரித்தபோது, அதைச் சூட்டியவரே கோபித்துக்கொண்டாராம். அது கேலிப் பெயர் இல்லை தம்பி, பட்டம் என்றாராம்.

போன மாதம் டாக்டரம்மா அந்த ரொட்டிக் கடைப் பக்கம் போனார். அழைத்து அழைத்து அலுத்துப்போன அம்மாவுக்காகத்தான் போனார். உள்ளே மேசையில் மாவு பரப்பியிருந்தது. இப்போது அம்மா உயரத்துக்கு வளர்ந்துவிட்ட பெண், முழங்கைவரை மாவோடு, தம்பி மாமாவிடம் ஏதோ வம்பளந்துகொண்டே உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். டாக்டரைப் பார்த்ததும், “வாங்க டாக்டர், ஒரு நிமிஷம், இந்தத் தட்டை முடிச்சுட்டு வர்றேன்” என்றாள். அவள் வரும்வரை டாக்டரம்மா நின்றுகொண்டிருந்தார்.

“காத்திருக்க வச்சுட்டாளா?” என்று அம்மா பதறினாள்.

“வைக்கட்டும்” என்றார் டாக்டரம்மா. “வேலை இருக்கிற பொண்ணு.”

சூடான ரொட்டி ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்கள். வீடுவரை பொறுக்காமல், பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் என்றும் பார்க்காமல், தெருவில் பிய்த்துத் தின்றுகொண்டே நடந்தார். எதிரே வந்த தெரிந்தவர் ஒருவர், என்ன டாக்டர், ஏதாவது விசேஷமா என்று கேட்டார். ஆமாம் என்றார். என்னவென்று சொல்லவில்லை.