நிற்கக் கூடாத திரை

உத்திரமேரூர் பஜாரில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில்தான் எங்கள் ஆபீஸ். வெளிநாட்டு டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் கேட்டு டைப் அடிக்கும் வேலை. படித்து முடித்த சூட்டோடு அங்கே சிஸ்டம் பார்த்துக்கொள்ளச் சேர்ந்தேன். இரண்டு சர்வர்கள், ஒன்று விழுந்தால் மற்றது உடனே அதன் வேலையை வாங்கிக்கொள்ளும். ஃபைல்கள் இரண்டிலும் இல்லை. மூன்றாவதாக ஒரு பெட்டியில் இருந்தன; நெட்வொர்க் வழியாக இரண்டு சர்வர்களும் அதைச் சொந்த டிஸ்க் போலப் பயன்படுத்தும். எங்கள் சிஸ்டம் நிற்கவே நிற்காது என்று எழுதிக் கொடுத்துத்தான் முதலாளி காண்ட்ராக்ட் வாங்கியிருந்தார்.

மதியம் கரண்ட் போகும். கீழே போய் ஜெனரேட்டரை ஸ்டார்ட் செய்ய சில நிமிடம் ஆகும். அதுவரை சர்வர்களையும் கம்ப்யூட்டர்களையும் யுபிஎஸ் தாங்கும். சர்வர்களையும் அந்தப் பெட்டியையும் இணைத்த ஹப் மட்டும் யுபிஎஸ்ஸில் இல்லை. அதன் இடத்தில் முதலாளி ரூம் ஃபேன். ஹப் அணைந்ததும் எல்லாத் திரையும் உறைந்துவிடும். உயிர் வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். ஒரு எழுத்துகூடப் போகாது. பெட்டியை சர்வர்களோடு இணைக்கும்போதே, பதில் வரும்வரை காத்திரு என்று நான்தான் அமைத்திருந்தேன்; ஹார்ட் மவுண்ட் என்பார்கள்.

"இன்னாப்பா, தெனம் ஸ்க்ரீன் செத்துப் போயி கீது?" என்றார் முதலாளி.

"நிக்கிறது நல்லதுக்குதான் சார். ஹப்ப யுபிஎஸ்ல போட்டா போதும்."

"அப்போ நான் வேர்த்துக்கினு குந்திக்கினு இருக்கணுமா?"

சென்னையிலிருந்து ஒருவரை வரவழைத்து சாஃப்டாக மாற்றினார். இனிமேல் சர்வர் கொஞ்ச நேரம் பார்க்கும். பதில் இல்லையென்றால் பிழை என்று சொல்லிவிட்டு மேலே போகும். எங்கள் டைப்பிங் புரோகிராமோ அந்தப் பிழையைக் காதிலேயே போட்டுக்கொள்ளாது. சேவ் ஆகிவிட்டது என்றே காட்டும். முதலாளியிடம் இதைச் சொன்னேன். "நீ ரொம்பப் படிச்சிட்ட" என்றார்.

திரை நிற்கவில்லை. ஃபைல்கள் வெறுமையாக வர ஆரம்பித்தன. எல்லாம் ஒரே பெண்ணுடையவை. சாலவாக்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவள். கரண்ட் போனதும் மற்றவர்கள் சாப்பிட எழுந்துவிடுவார்கள். சாயங்கால பஸ்ஸை விடக் கூடாதென்று அவள் மட்டும் அடித்துக்கொண்டே இருப்பாள்.

"வெறும் ஃபைல வெச்சிட்டு பஸ்ஸுக்கு ஓடுது. நாளைலேர்ந்து வரவேணாம்னு சொல்லிடப் போறேன்" என்றார் முதலாளி.

அவள் என்னிடம் வந்தாள். "சேவ் ஆச்சுன்னு மெஷினே சொல்லிச்சுண்ணா. நான் இன்னா பொய்யா சொல்றேன்?"

அன்றைக்கே முதலாளியை அவள் சீட்டில் உட்காரவைத்து, அவர் பெயரையே அடிக்கச் சொன்னேன். ஹப்பின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு சேவ் செய்யச் சொன்னேன். ஆயிற்று என்றது திரை. பிளக்கை மாட்டிவிட்டுத் திறந்தோம். அவர் பெயர் இல்லை.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "சிஸ்டம் மேல தப்புன்னா காண்ட்ராக்ட் பூடும். பொண்ணு மேல தப்புன்னா இன்னா பூடும்?"

"அவ வேல பூடும் சார்."

"வேற எங்கனா போயி டைப் அடிச்சிக்கும். நீ அத்த பழையபடி மாத்திடு. ஹப்பையும் யுபிஎஸ்ல போடு, ஃபேனுக்கு நான் வேற வழி பாத்துக்கறேன்."

அன்று சாயங்காலமே மாற்றினேன். அவளை மறுநாளே நிறுத்திவிட்டார். தப்பு அவள் மேல் இல்லையென்று ஆபீஸில் ஒவ்வொருவரிடமும் ஹார்ட், சாஃப்ட் என்று விளக்கிப் பார்த்தேன். டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே ஒருத்தி சொன்னாள்: "சும்மா பேஜார் பண்ணாதண்ணா. அவ போனதுலேர்ந்து ஒரு ஃபைலாச்சும் காணாம போச்சா?"

போகவில்லை. என் வேலை அவ்வளவு சுத்தமாக இருந்தது.